பீரோவுக்குள் போன பொங்கல் பரிசுகள்: கைப்பின்னலும் தையலும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

குன்னூரில் நான் நடத்தும் கைவேலை வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விற்பதற்காகப் பின்னுவதில்லை. மகளுக்கு, பேரனுக்கு, தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு என்று சொந்தங்களுக்காகவே பின்னுகிறார்கள், தைக்கிறார்கள். கொடுத்த பிறகு அந்தப் பொருள் என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. கேட்டால் கொடுத்தவருக்கும் சங்கடம், வாங்கியவருக்கும் சங்கடம். ஒரு குடும்பத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். பெயர்கள் எதுவும் இல்லை.

பின்னணி

பின்னியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வகுப்பில் எல்லோரும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். பின்னல் அவருக்குப் புதிதல்ல. கான்வென்ட்டில் படித்த காலத்திலேயே கற்றுக்கொண்டது. பத்தாம் நம்பர் ஊசியில் ரிப் என்கிற இழுபடும் ஓரமும் எட்டாம் நம்பரில் உடம்பும் போடுகிற பழக்கம் கையில் அப்படியே இருந்தது. தையலைத்தான் ஓய்வுக்குப் பிறகு வகுப்பில் சேர்ந்து கற்றார். வீட்டில் காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்.

கணவரும் அவரும் குன்னூரில் இருக்கிறார்கள். மகளும் மருமகனும் லண்டனில். மகன், மருமகள், டீச்சர் ஓய்வு பெற்ற முதல் வருட அக்டோபரில் பிறந்த பேரன் மூவரும் சென்னையில். டீச்சரின் அக்கா மதுரையில். கணவரின் தங்கை, அதாவது நாத்தனார், விருதுநகர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். அவருடைய கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

ஓய்வு பெற்ற முதல் வருடம், பொங்கலுக்கு எல்லோருக்கும் கையால் செய்த ஏதாவது ஒன்றைக் கொடுப்பது என்று டீச்சர் முடிவெடுத்தார். கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, யாருக்கும் முன்கூட்டித் தெரியவும் கூடாது. பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பிறகு நடந்த பலவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் பொங்கலுக்குச் செய்தவை

ஆகஸ்ட்டில் ஆரம்பித்தார். மகளுக்கும் மருமகனுக்கும் சுத்தக் கம்பளி நூலில் தொப்பி, மஃப்ளர். கரும்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் மூன்றும் பட்டை பட்டையாக வரும்படி போட்டிருந்தார். பேரனுக்குத் தொப்பி, கையுறை, காலுறை கொண்ட ஒரு செட். வெள்ளைத் தரையில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். வகுப்பில் எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம், அவ்வளவு நேர்த்தி. அக்காவுக்குப் புதிதாக வாங்கிய சிவப்புச் சுங்குடித் துணியில் தோள்பை. நாத்தனாருக்குச் சாம்பல் நிறத்தில் குரோஷா கொக்கி ஊசியில் பின்னிய பர்ஸ். மகனுக்கு லேப்டாப் உறை. கணவருக்கு ஒரு மஃப்ளர்.

லண்டனுக்குப் போகவேண்டியதைத் தெரிந்தவர் ஒருவர் பெட்டியில் கொண்டுபோனார். மற்றவை பொங்கலுக்கு முந்தைய வாரமே போய்ச் சேர்ந்தன. எல்லா வீட்டிலிருந்தும் போன் வந்தது, போட்டோ வந்தது. ‘சூப்பரா இருக்கும்மா’ என்று மகள் அனுப்பிய செய்தியை டீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார்.

மே மாதத்தில் தெரியவந்தது

மே மாத விடுமுறையில் டீச்சர் சென்னைக்குப் போனார். குழந்தையின் துணிகளை மடித்து வைக்க பீரோவைத் திறந்தபோது, நட்சத்திர செட் மூன்றும் பிளாஸ்டிக் கவரில், பாச்சை உருண்டை போட்டு, மேல்தட்டில் இருந்தன. போட்ட தடயமே இல்லை. மருமகளிடம் கேட்டார். அந்தப் பெண் முதலில் ‘வெயிலா இருந்துச்சுல்ல அத்தை’ என்று மட்டும் சொன்னார். டீச்சர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பழகிய பொறுமையோடு, கோபமில்லாமல் திரும்பக் கேட்டார். பிறகுதான் விஷயம் வந்தது.

பொங்கலன்று காலையில் கையுறையைப் போட்டிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்திருக்கிறான். பால் கொடுத்தும் தோளில் போட்டும் அடங்கவில்லை. கடைசியில் கையுறையைக் கழற்றியபோது, உள்பக்கம் ஓடிய நீல நூல் ஒன்று ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டு, விரல்நுனி சிவந்து வீங்கியிருந்தது. உடனே எடுத்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தை ஆசையாகப் பின்னியதை இப்படிச் சொல்வது எப்படி என்று அந்தப் பெண் நான்கு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் கைக்குழந்தைக்குப் பின்னுகிற எவருக்கும் இது நேரலாம். இரண்டு மூன்று நிறங்களில் கோலம் வரும்படி பின்னும்போது, முன்னால் வராத நிறத்து நூல் பின்பக்கமாகவே அடுத்த இடத்துக்குத் தாண்டிப் போகும். முன்பக்கம் நட்சத்திரம் தெரியும், பின்பக்கம் நூல் வரிவரியாகத் தொங்கும். ஐந்து கண்ணிக்கு, அதாவது ஐந்து பின்னல் வளையத்துக்கு, மேல் தாண்டினால் அந்த நூலில் பெரியவர்களின் விரலே மாட்டும். மூன்று மாதக் குழந்தையின் விரல் எவ்வளவு மெல்லியது! நூலோ தலைமுடியோ குழந்தையின் விரலில், கால்விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. கையுறைக்குள் நடந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. காரணம் இல்லாமல் விடாது அழுகிற குழந்தையின் கையுறையையும் காலுறையையும் முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் குன்னூர் இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கும். சென்னையில் அதே பொங்கலன்று பகல் 29, 30 டிகிரி. டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னிய தொப்பி, மின்விசிறி ஓடுகிற வீட்டுக்குப் போனது. கைக்குழந்தைக்கு உடம்புச் சூட்டில் கணிசமான பங்கு தலை வழியாகவும் வெளியேறும். வீட்டுக்குள், அதுவும் தூங்கும்போது, தொப்பி போடவேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது.

மற்ற வீடுகளில் நடந்தவை

சென்னையிலிருந்து திரும்பியதும் டீச்சர் ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டார். ‘நல்லா இருக்குன்னு சொல்லாதே, போட்டியா இல்லையான்னு மட்டும் சொல்லு’ என்பதுதான் அவர் கேட்ட விதம்.

மகள் தயங்கித் தயங்கி ஒரு போட்டோ அனுப்பினார். தொப்பி பாதியாகச் சுருங்கி, கண்ணிகளே தெரியாமல் தடித்த கம்பளிக் கட்டியாகியிருந்தது. மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் 40 டிகிரியில் ஓடவிட்டிருக்கிறார். கம்பளி இழையின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய செதில்கள். வெந்நீரும் சோப்பும் பட்டு, மெஷினில் போட்டு உருட்டும்போது, அந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு நெருங்குகின்றன. அப்புறம் பிரியாது. இழுத்தாலும் நனைத்தாலும் பழைய அளவு வராது. மருமகனுடைய மஃப்ளர் துவைக்கப்படவே இல்லை, ஏனென்றால் கழுத்தில் குத்துகிறது என்று அவர் ஒருநாளுக்கு மேல் போடவில்லை.

மதுரையில் அக்காவின் பை மழையில் நனைந்து, சந்தன நிறப் புடவையின் இடுப்புப் பக்கம் முழுக்கச் சிவப்பு இறங்கிவிட்டது. தைக்கும் முன்பு டீச்சர் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சாயமேற்றி முடிந்த பருத்தித் துணியில் உப்பு சாயத்தைப் பிடித்துவைப்பதில்லை. இழையோடு சேராமல் மேலே நிற்கும் மிச்சச் சாயம், அலசி அலசித்தான் வெளியேற வேண்டும்.

மகனின் லேப்டாப் உறை அளவு சரி. ஆனால் அலுவலகம் கொடுத்த பையிலேயே தனித் தடுப்பு இருந்ததால் உறைக்கு வேலையில்லை.

நாத்தனார் மட்டும் ‘வச்சிருக்கேன் மதினி’ என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பரிசு மட்டும் ஏன் தினமும் உபயோகமானது

ஜூன் மாதத்தில் டீச்சர் இவை அனைத்தையும் வகுப்பில் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மியது. இனிமேல் பணமாகவே கொடுத்துவிடலாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தார். அந்த மனநிலையில் ‘பரவாயில்லை டீச்சர், அன்புதானே முக்கியம்’ என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதக்கணக்கில் ஒருவர் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை அது. அதைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் அந்த வேலைக்குச் செய்யும் அவமரியாதை.

அதனால் உருப்படாமல் போனவற்றை விட்டுவிட்டு, உருப்பட்டதை எடுத்துப் பார்த்தோம். கணவரின் மஃப்ளர்! தினமும் விடியற்காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் அவர் நடக்கப் போகிறார். நூல் மற்றவர்களுக்குப் போட்ட அதே கம்பளி நூல், ஊசியும் அதே எட்டாம் நம்பர். அப்படியானால் எது வேறு?

டீச்சர் அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கழுத்தில் படுகிற நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு, உள்பக்கமாகப் பழைய வேட்டித் துணி ஒட்டுக் கொடுத்துக் கைத்தையல் போட்டிருந்தது. முதல் நாளே ‘அரிக்குது’ என்று கணவர் சொல்லியிருக்கிறார், அன்று சாயங்காலமே டீச்சர் துணி வைத்துத் தைத்திருக்கிறார். முதலில் நீளமாக இருந்தது, ஸ்வெட்டருக்குள் சொருகினால் வயிற்றில் மூட்டையாக நின்றது, அதனால் ஒரு பக்கம் பிரித்துக் குறைத்தார். துவைப்பது டீச்சரேதான், பச்சைத் தண்ணீரில் கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் போட்டுக் காயவைக்கிறார்.

ஆக, திறமை எல்லாப் பரிசிலும் ஒன்றுதான். கணவர் பக்கத்தில் இருந்தார், குறை சொன்னார், குறை திருத்தப்பட்டது. மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள், நன்றி மட்டும் சொன்னார்கள். இந்த ஒன்றை வைத்துத்தான் அடுத்த பொங்கலுக்கான முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் விவாதமானது, கேட்டுச் செய்வதா கேட்காமல் செய்வதா என்பது. கேட்டால் அது பரிசே இல்லை, ஆர்டர் என்று வகுப்பில் இரண்டு பேர் உறுதியாகச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு கேட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தால் அது பரிசாகாமல் போய்விடுமா? கடைசியில் டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். ‘உனக்கு என்ன வேணும்’ என்று கேட்பதில்லை. எங்கே வைத்துப் புழங்குவாய், எப்படித் துவைப்பாய், பீரோவில் எந்த நிறம் அதிகம் இருக்கிறது என்று மூன்று மட்டும் கேட்பது. என்ன வரப்போகிறது, எந்த வடிவத்தில் வரப்போகிறது என்பது தெரியாமலே இருக்கும்.

அடுத்தது நூல். மலைக் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் கிடைப்பதில் பெரும்பகுதி லூதியானா பக்கத்திலிருந்து வரும் அக்ரிலிக்தான். அதில் தவறில்லை, மெஷினில் போட்டாலும் சுருங்காது, கழுத்திலும் அவ்வளவாகக் குத்தாது. எது எது என்று தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவுதான். டீச்சரிடம் சேர்ந்திருந்த லேபிள் இல்லாத உருண்டைகளை வகுப்பிலேயே சோதித்தோம். விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, அகல் விளக்குச் சுடரில் காட்டினோம். கம்பளி மெதுவாகக் கருகி, முடி பொசுங்கும் வாடை அடித்தது, சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியானது. அக்ரிலிக் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டி நின்றது, ஆறிய பிறகும் அது நசுங்கவில்லை. பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து இலேசான சாம்பலானது. கலப்பு நூல் இரண்டையும் காட்டும். இதை ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் தண்ணீரோடுதான் செய்யவேண்டும்.

மகள் மெஷினில்தான் துவைப்பேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகிற பெண், கைத்துவையலுக்கு நேரம் ஏது? அவருக்கு மெஷினில் துவைக்கத்தக்கதாகப் பதப்படுத்திய மெரினோ நூல் வாங்குவது என்று முடிவானது. செதில்கள் கொக்கி போடாதபடி பதப்படுத்திய கம்பளி அது. விலை அதிகம். அதனால் தொப்பி ஒன்று மட்டும், மஃப்ளர் இல்லை. மருமகனுக்குக் கழுத்தில் படும் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பேரனுக்குப் பின்னல் வேலையே வேண்டாம் என்று டீச்சர் தீர்மானித்தார். பொங்கலுக்குள் அவனுக்குப் 15 மாதம் ஆகிவிடும், நடப்பான், கையில் கிடைத்ததை வாயில் போடுவான். எனவே பட்டன், பாசி, பஞ்சுக்குஞ்சம் எதுவும் கூடாது. கழுத்தில் கட்டுகிற நாடாவும் கூடாது, ஊஞ்சலிலோ கட்டில் கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். சென்னை வெயிலுக்கு விளிம்பு வைத்த பருத்தித் தொப்பி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். தலைச் சுற்றளவை மருமகள் அக்டோபரில் அளந்து 46 சென்டிமீட்டர் என்று அனுப்பினார். டீச்சர் 2 சென்டிமீட்டர் கூட்டி வெட்டினார்.

அந்தத் தொப்பிக்குப் புதுத்துணி வாங்கவில்லை. டீச்சர் பல வருடம் கட்டிப் பழசான ஒரு சுங்குடிப் புடவையையே எடுத்தார். இது சிக்கனத்துக்காக எடுத்த முடிவு இல்லை. பழைய புடவையில் இறங்கவேண்டிய சாயமெல்லாம் இறங்கியாயிற்று, சுருங்கவேண்டியதும் சுருங்கியாயிற்று, குழந்தைத் தோலுக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு எடுத்தது. மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலை, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆலிவ் பச்சையில் வெள்ளைப் புள்ளிகள். நட்சத்திரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அக்காவுக்கு மறுபடியும் பைதான், மறுபடியும் சிவப்புதான். ஏனென்றால் அவரே ‘அந்தச் சிவப்பு எனக்குப் பிடிச்சிருந்துச்சுடி’ என்றார். இந்த முறை துணியை வெட்டும் முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றி அலசினார். அப்புறம் ஈரத்தோடு வெள்ளைக் காடாத் துணியை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். இளஞ்சிவப்பு ஏறினால் திரும்ப அலசல். வெள்ளை வெள்ளையாகவே வந்த பிறகுதான் கத்தரியைத் தொட்டார். இடுப்பை ஒட்டி வருகிற பின்பக்கத்துக்குச் சாயமே போடாத காடா வைத்துத் தைத்ததும் நல்ல யோசனை.

நாத்தனாரின் நிறம்

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

முதல் வருடம் நாத்தனாருக்குச் சாம்பல் நிறத்தை டீச்சர் யோசித்தே தேர்ந்தெடுத்தார். அவர் கணவர் போன பிறகு வெளிர் நிறங்கள்தான் கட்டுகிறார், பளிச்சென்று கொடுத்தால் மனம் நோகும், ஊரும் ஏதாவது சொல்லும் என்ற நல்ல எண்ணம்தான். இந்த வருடம் மூன்று கேள்விகளை அவரிடமும் கேட்டபோது, நிறத்துக்கு வந்ததும் ‘எனக்கு எதுக்கு மதினி கலரெல்லாம், உங்களுக்குத் தோணுறதைக் குடுங்க’ என்று முடித்துவிட்டார். டீச்சர் அங்கேயே நிறுத்தவில்லை. சில நாள் கழித்து, டிரங்குப் பெட்டியில் கட்டாமல் வைத்திருக்கிற புடவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, இருக்கிறது, அரக்கும் மயில்கழுத்தும் கலந்த கைத்தறிப் புடவை, அவர் வாங்கிக் கொடுத்தது என்றார். அதை பஸ் பார்சலில் அனுப்பியும் வைத்தார். ‘கட்ட மனசு வரல, யாருக்கும் குடுக்கவும் மனசு வரல. வெட்டி ஏதாவது தைங்க மதினி’ என்று போனில் சொன்னார்.

அந்தப் புடவையை வெட்டுவதற்கு முன்பு வகுப்பில் நிறைய நேரம் செலவழித்தோம். மடித்தே கிடந்த புடவை மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு பேர் விரித்துப் பிடித்துக்கொள்ள, டீச்சர் மடிப்பு மடிப்பாகப் பார்த்து, வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். முந்தானையைத் தொடவில்லை, அதை அப்படியே ஓரம் அடித்துத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானித்தார். உடம்புப் பகுதியிலிருந்து நல்ல துணியை மட்டும் எடுத்து, பின்னால் ஃபியூசிங் என்கிற, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணியை ஒட்டி, உள்ளே காடா லைனிங் கொடுத்து, ஜிப் வைத்த கைப்பையாகத் தைத்தார். பேங்க் பாஸ்புக் நுழையும்படி ஒரு உள்பை, செல்போனுக்கு ஒரு உள்பை. அந்த அளவு இரண்டும் நாத்தனாரே சொன்னவை. அரக்கு உடம்பு, மயில்கழுத்துப் பட்டை. சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தைக்கும் மாதங்களில்

மகளின் தொப்பிக்கு இந்த முறை முதலில் அளவு பார்க்க ஒரு மாதிரித் துண்டு பின்னினார். டீச்சருக்கு மாதிரி பின்னிப் பழக்கமில்லை, கை அளவு தெரியும் என்பார். ஆனால் பதப்படுத்திய மெரினோ நனைந்தால் தளரும் சுபாவம் உள்ளது. எட்டாம் நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னிய துண்டு, துவைக்கும் முன்பு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி காட்டியது. துவைத்துக் காய்ந்த பிறகு 20. மகளின் தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர். தொப்பி இறுக்கமாகப் பிடிக்கவேண்டும் என்பதால் 50 சென்டிமீட்டருக்குப் பின்ன வேண்டும். துவைக்காத மாதிரியை நம்பினால் 110, இரண்டுக்கு இரண்டு ரிப்புக்கு நான்கின் மடங்காக வரவேண்டும் என்பதால் 112 கண்ணி போட்டிருப்பார். முதல் துவையலிலேயே தொப்பி 56 சென்டிமீட்டருக்குத் தளர்ந்து கண்ணை மறைத்திருக்கும். துவைத்த மாதிரிப்படி 100 கண்ணி போட்டார்.

மாதிரி காய்வதுதான் பெரும்பாடு. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக உண்டு. நவம்பரில் மூடுபனிக்குள் ஒரு உள்ளங்கை அகலத் துண்டு காய்வதற்கே நாள்கணக்கானது. அவசரப்பட்டு இஸ்திரி போடவில்லை, போட்டால் அளவு பொய் சொல்லும்.

லண்டன் பார்சல் டிசம்பர் தொடக்கத்திலேயே தபாலில் போனது. பரிசு என்று குறிப்பிட்டு, மதிப்பை உள்ளபடி எழுதினார். பிரிட்டனில் 39 பவுண்டு வரையிலான பரிசுக்கு இறக்குமதி வரி இல்லை, அதனால் மகள் அங்கே பணம் கட்டவேண்டி வரவில்லை. ஒவ்வொரு பொருளோடும் ஒரு சின்ன அட்டை வைத்தார். என்ன நூல், எப்படித் துவைப்பது, குறை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லவும். கூடவே, பிரிந்தால் தைத்துக்கொள்ள அதே நூலில் கொஞ்சம் சுற்றி வைத்தார்.

விளைவு

இரண்டாவது பொங்கலுக்குப் பிறகு டீச்சர் போட்டோவுக்காகக் காத்திருக்கவில்லை. மார்ச்சில், பண்டிகைச் சூடெல்லாம் ஆறிய பிறகு, ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

மகளின் தொப்பி பலமுறை மெஷினில் துவைக்கப்பட்டும் அளவு மாறவில்லை. உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் இழை இலேசாகப் பொங்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகியிருந்தது. பேரனின் தொப்பி தினசரி உபயோகத்தில் இருந்தது, ஆனால் மார்ச்சிலேயே இறுக ஆரம்பித்துவிட்டது. 2 சென்டிமீட்டர் கூட்டியது போதவில்லை. மருமகள் இந்தத் தடவை தானாகவே போன் செய்து ‘அத்தை, கொஞ்சம் பெருசா இன்னொண்ணு தைச்சுத் தர்றீங்களா’ என்று கேட்டார். முதல் வருடம் நான்கு மாதம் பேசாமல் இருந்த அதே பெண். டீச்சருக்கு எது பெரிய சந்தோஷம் என்று கேட்டால் இந்த போனைத்தான் சொல்வார்.

அக்காவின் பையில் சாயம் இறங்கவில்லை. தோள்பட்டைப் பட்டிதான் ஒரு பக்கம் பிரிந்தது. காய்கறி வாங்கும் பையாக அக்கா அதை மாற்றிவிட்டார், அந்தக் கனத்துக்குப் பட்டி ஒற்றைத் தையலில் நிற்காது. டீச்சர் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்குத் தையல் போட்டு, பெட்டித் தையலாக முடித்துக் கொடுத்தார்.

மருமகனுக்கு அனுப்பிய, பழைய ஜீன்ஸில் தைத்த சாவிக்கொத்துப் பட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மகனுக்கு இந்த வருடம் எதுவும் செய்யவில்லை. அவனே வேண்டாம் என்றான், டீச்சரும் வற்புறுத்தவில்லை.

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகிறார், பஸ்ஸில் போகிறார், கல்யாண வீடுகளுக்கும் போகிறார். எங்கே வாங்கினது என்று கேட்கிறவர்களிடம் அது எந்தப் புடவை என்பதையும் சொல்கிறாராம். முந்தானைத் துணி பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது. சாம்பல் பர்ஸைப் பற்றி இப்போது வெளிப்படையாகவே பேசினார்: ‘நீங்க பாத்துப் பாத்துதான் செஞ்சீங்க மதினி. ஆனா அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஞாபகம் வந்தேன்.’

மூன்றாவது வருடத்துக்கு மாற்றியவை

குழந்தைப் பொருளின் அளவை எடுத்த நாளுக்குத் தைக்காமல், கொடுத்த பிறகு ஆறு மாதம் போடும்படி தைக்கவேண்டும். பின்பக்க எலாஸ்டிக்கை நீளமாகக் கொடுத்து, உள்மடிப்பில் பிரித்துவிடத் துணி வைத்துத் தைப்பது என்று இப்போது முடிவு செய்திருக்கிறார்.

பை எதுவானாலும், என்னென்ன போடுவாய் என்ற கேள்வியோடு ‘எவ்வளவு கனம்’ என்பதையும் சேர்த்துக் கேட்கிறார். தைத்து முடித்ததும் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக் கதவுக் கைப்பிடியில் ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்கிறார்.

வகுப்பிலும் ஒன்று மாறியது. கைக்குழந்தைக்குப் பலநிறக் கோலம் பின்ன விரும்புகிறவர்களிடம், கையுறை, காலுறை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தொப்பியோ மேல்சட்டையோ என்றால், உள்பக்கம் முழுவதும் மெல்லிய மல் துணியில் லைனிங் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிறங்களைப் பட்டை பட்டையாகவே போடவேண்டும். பட்டையில் நூல் தாண்டாது. பின்னி முடித்த பொருளை உள்பக்கம் வெளியே திருப்பி, பேனா முனையை வரிசை வரிசையாக இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். எங்காவது மாட்டினால் அந்த இடம் பிரிக்கப்படும்.

அந்த நட்சத்திர செட்டை மருமகளிடமிருந்து கேட்டு வாங்கி வந்து, டீச்சர் வகுப்புக்கே கொடுத்துவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அந்தக் கையுறையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறோம்.